ஒரு பிள்ளையும் சாகாத ஆஸ்பத்திரி

புருஷன் பக்கமும் நியாயம் இருக்கிறது, பெண்டாட்டி பக்கமும் நியாயம் இருக்கிறது. அவசரப்படாமல் கேளுங்கள், தீர்ப்பை உங்களிடம்தான் கேட்கப்போகிறேன்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் சுடலைமணி என்றொரு வெல்டர் இருந்தான். அவன் மனைவி மாரிச்செல்வி. அவர்களுடைய முதல் குழந்தை ஏழாம் மாதத்திலேயே, ஊரிலிருந்த சிறிய ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் செய்து பிறந்தது. பெண் குழந்தை. எடை ஒரு கிலோகூட இல்லை. மூச்சுத் திணறவே, மாவட்டத் தலைநகரிலிருந்த பெரியாஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் அனுப்பினார்கள். மயக்கம் தெளியாமல் கிடந்த தாயை விட்டுவிட்டு, துணியில் சுற்றிய பிள்ளையோடு தகப்பன் மட்டும் போனான். போய்ச் சேர்ந்தபோது அதன் உடம்பு சில்லிட்டிருந்தது. சூடு தரும் கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் உயிரோடு இருந்துவிட்டு அது கண்ணை மூடிக்கொண்டது.

மாரிச்செல்வி தன் மகளை உயிரோடு பார்க்கவே இல்லை. பால் கட்டி மார்பு நோகும்போதெல்லாம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

"ஏங்க, அவளுக்கு யாரு மூக்கு?" என்று புருஷனிடம் கேட்பாள்.

"உன் மூக்குதான்" என்பான். இன்னொரு நாள் மறுபடியும் அதையே கேட்பாள். அவனும் அலுக்காமல் அதையே சொல்வான்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி உண்டானாள். இந்தத் தடவையும் ஏழாம் மாதத்தில் வலி கண்டுவிட்டது. ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் எமல்டா சோதித்துப் பார்த்தார். வலியைத் தள்ளிப்போட ஒரு ஊசியும், பிள்ளையின் நுரையீரல் பலப்பட ஒரு ஊசியும் போட்டார்.

"வலி கொஞ்ச நேரம் அடங்கியிருக்கும். அதுக்குள்ள பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றார்.

சுடலைமணி மறித்தான். "அங்க மட்டும் வேண்டாம் டாக்டர். அந்த வராந்தாவுல உக்காந்து பாத்தவன் நான். விடிஞ்சா எவளாவது ஒரு தாய் அலறுவா. இங்க எடை குறைஞ்ச பிள்ளை ஒண்ணுகூடச் செத்ததில்லைன்னு ஊரே சொல்லுது. பொய்யா?"

"பொய் இல்ல தம்பி. இங்க ஒண்ணும் சாகலதான்."

"அப்புறம் ஏன் எங்களை அனுப்புறீங்க?"

டாக்டர் பதில் சொல்ல வாயெடுக்குமுன் மாரிச்செல்வி கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, போன தடவை பிள்ளைய நீங்க தூக்கிட்டுப் போனீங்க. இந்தத் தடவை நான் சுமந்துட்டுப் போறேன். அது என் சூட்டுலயே அங்க போய்ச் சேரட்டும். ஆம்புலன்ச வரச் சொல்லுங்க."

புருஷன் பிள்ளைகள் சாகாத இடத்தைக் கேட்டான். பெண்டாட்டியோ தன் பிள்ளை செத்த இடத்துக்கே கிளம்பினாள். இருவரில் யார் எண்ணியது சரி? சாவே இல்லாத ஆஸ்பத்திரி, சாவு மிகுந்த ஆஸ்பத்திரிக்கு அவளை அனுப்பியது ஏன்?

விடை: மாரிச்செல்வி எண்ணியதே சரி. சாகும் நிலையிலுள்ள பிள்ளைகளை ஊர் ஆஸ்பத்திரி வைத்துக்கொள்வதில்லை. அதனால்தான் அங்கே சாவில்லை. அவர்கள் மகள் பிறந்தது இங்கே, இறந்தது அங்கே. அப்படிச் சுற்றுவட்டாரத்து நொய்ந்த உயிர்களெல்லாம் போய்ச் சேரும் இடத்தில் சாவு கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே எடையுள்ள இரு பிள்ளைகளில், வழியெல்லாம் குளிர்ந்து அங்கே போகும் பிள்ளையைவிட, தாயின் வயிற்றோடு போய் அங்கேயே பிறக்கும் பிள்ளைக்குப் பிழைக்க வழி அதிகம். டாக்டருக்கு அது படித்துத் தெரியும். மாரிச்செல்விக்கு ஏங்கித் தெரிந்தது. சுடலைமணி எண்ணியது தவறு. பயந்தது தவறில்லை.

மறுநாள் பெரியாஸ்பத்திரியில் மகன் பிறந்தான். பல வாரம் குழாயும் கருவியுமாக இழுபறியில் கிடந்து பிழைத்தான். நர்ஸ் முதன்முறையாக அவனைத் தாயின் வெறும் மார்பில் கிடத்தியபோது மாரிச்செல்வி அசையாமல் சாய்ந்திருந்தாள். பிறகு புருஷனிடம் கேட்டாள்.

"ஏங்க, அவளும் இவ்வளவு கனம்தான் இருந்தாளா?"

"இதைவிட லேசா இருந்தா" என்றான் சுடலைமணி.