இடைவெளியாக உட்கார்ந்த மாயாண்டி மாமா

நெருக்கம்பட்டியில் ஒருவரோடு ஒருவர் பேசினால் மூச்சுக்காற்று முகத்தில் பட வேண்டும். படாவிட்டால் ஆள் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஏழு பேர் உட்காருவார்கள். எட்டாவது ஆள் வந்தால், "மடி சும்மாதானே இருக்கு, வாங்க" என்பார்கள். புத்திதான் கொஞ்சம் மட்டு, பாசத்துக்குப் பஞ்சமில்லை.

அந்த ஊர்ச் சடையன், தேர்க்கூட்டத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தான். அவன்மேல் இடித்துவிட்டு அவள் மன்னிப்புக் கேட்டாள். இடித்ததற்கு மன்னிப்புக் கேட்பார்கள் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும். அப்போதிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் இந்தச் செண்பகத்தைத்தான், இல்லையென்றால் செத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

செண்பகத்தின் அப்பா நல்லபெருமாள் வீடு வேறு மாதிரி. பெண்டாட்டி கோமதியிடம் காபி கேட்பதென்றாலும் அடுப்படிக்கு வெளியே நின்றுதான் கேட்பார்.

சம்பந்தம் பேச வந்தவரைச் சடையன் வீட்டார் மொத்தமாகச் சூழ்ந்துகொண்டார்கள். பெரியப்பா ஒச்சப்பன் அவர் தோளில் தாடையை ஊன்றி, "பயணம் சௌகரியமா?" என்று காதுக்குள் விசாரித்தார். ஊரிலேயே பெருத்த உடம்புக்காரரான தாய்மாமன் மாயாண்டி, அவர் வேட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

நல்லபெருமாள் வேட்டியை உருவிக்கொண்டு எழுந்தார். "நல்லாக் கேட்டுக்கிடுங்க. எங்க வீட்டுல ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு ஆள் உக்கார்ற அளவுக்கு இடைவெளி இருக்கும். கல்யாண மேடையில அதைப் பாத்தாத்தான் தாலி. இல்லைன்னா பொண்ணைக் கூட்டிட்டுப் போயிட்டே இருப்பேன்."

அவர் தலை மறைந்ததும் ஆலோசனை ஆரம்பித்தது.

"ஒரு ஆள் அளவுன்னா எவ்வளவு?" என்றான் சடையனின் தம்பி சின்னாண்டி.

"ஆளை உக்கார வச்சுப் பாத்தாத்தானடா தெரியும்?" என்றார் ஒச்சப்பன்.

"பாத்துட்டு எழுப்பி விட்டுரலாமா?"

"எழுப்பினா நாம ஒட்டிக்கிடுவோம். நம்ம குணம் நமக்குத் தெரியாதா?"

"ஒல்லியான ஆளை உக்கார வச்சா, கஞ்சப்பயலுகன்னு நெனச்சிருவாரே?" என்று சடையன் பதறினான்.

எல்லார் கண்ணும் மாயாண்டி மாமாமேல் போய் நின்றது. மாமாவுக்கு வெட்கமாகிவிட்டது. "மருமகனுக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?" என்றார்.

கல்யாணத்தன்று மணமேடையில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில், சந்தனம் பூசி மாலை போட்டு மாமா உட்கார்ந்திருந்தார். "மாப்பிள்ளைக்கு வயசு கொஞ்சம் கூடிப்போச்சோ?" என்று பெண்வீட்டு அத்தை ஒருத்தி கவலைப்பட்டாள்.

"யாருய்யா இது?" என்று நல்லபெருமாள் கத்தினார்.

"இடைவெளிங்க," என்றார் ஒச்சப்பன் பணிவாக. "நீங்க கேட்டதைவிடக் கொஞ்சம் தாராளமாவே வச்சிருக்கோம்."

"அந்த ஆளு எம் பொண்ணை ஒட்டி உக்காந்திருக்கானேய்யா!"

நியாயம்தானே. மாமாவுக்கும் பெண்ணுக்கும் நடுவில் சின்னாண்டியை உட்கார வைத்தார்கள். அதற்கும் நல்லபெருமாள் கத்தவே, அவனுக்கும் பெண்ணுக்கும் நடுவில் இன்னொருவன். அப்புறம் அவனுக்கும் பெண்ணுக்கும் நடுவில் வேறொருவன். இப்படி ஒவ்வொரு ஆளாக உள்ளே வர, சடையன் மேடையைவிட்டுத் தள்ளப்பட்டு, பந்தியைத் தாண்டி, கடைசியில் சாம்பார் அண்டா பக்கத்தில் போய் நின்றான். முகூர்த்தம் தப்பப் போகிறதே என்று அவனுக்கு அழுகை முட்டியது. அங்கிருந்தே தாலியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தனுப்பினான். அது கைமாறிக் கைமாறி, பெண்ணை ஒட்டி உட்கார்ந்திருந்தவனிடம் வந்து சேர்ந்தது.

"கட்டிரட்டுமா?" என்று அவன் பொறுப்பாகக் கேட்டான்.

"கட்டிராதடா பாவி!" என்று சடையன் அலறினான்.

செண்பகம் எழுந்தாள். தாலியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு, உட்கார்ந்திருந்த எல்லாரையும் இடித்துக்கொண்டு, ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்காமல் அண்டாப் பக்கம் வந்தாள்.

"எங்கப்பா கேட்ட இடைவெளி மேடையில பத்திரமா இருக்கட்டும். நாம இங்க இருப்போம். தள்ளித் தள்ளி நின்னு எனக்கு அலுத்துப்போச்சு, கட்டுங்க!"

சடையன் சந்தோஷத்தில் அழுதுகொண்டே கட்டினான். சமையல்காரர் கரண்டியால் அண்டாவைத் தட்ட, அதுவே கெட்டிமேளம் ஆயிற்று.

நல்லபெருமாள் தலையில் அடித்துக்கொண்டு ஊர் திரும்ப மாட்டுவண்டியில் ஏறினார். உள்ளே கோமதி பக்கத்தில் கழுத்து மாலையோடு மாயாண்டி மாமா.

"நீ எங்கய்யா வர்றே?"

"செண்பகம் எங்க வீட்டுக்கு வந்துட்டா. இனி உங்க வீட்டுல ரெண்டே பேரு. நடுவுல இடைவெளி வேண்டாமா? சீரோட சேத்து என்னையும் அனுப்பியிருக்காங்க," என்ற மாமா கோமதி பக்கம் திரும்பி, "சாப்பிட்டியாம்மா தங்கச்சி?" என்றார்.

கோமதியை யாரும் அப்படிக் கேட்டு வெகுகாலம் ஆகிறது. "இருக்கட்டும்ங்க, அண்ணன் வரட்டும்," என்றாள் புருஷனிடம்.

மாமாவுக்கும் நல்லபெருமாளுக்கும் நடுவில் யார் என்று யோசித்து ஒச்சப்பனும் ஏறி உட்கார்ந்தார். அதோடு வண்டியில் இடம் தீர்ந்தது. நல்லபெருமாள் இறங்கி, வண்டிக்குப் பின்னால் நடந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் ஒச்சப்பன் தலையை நீட்டிக் கவலையோடு பார்த்தார்.

"சம்பந்தி! வண்டிக்கும் உங்களுக்கும் நடுவுல வெறுமனே கெடக்கே, ஒரு ஆளை வரச் சொல்லட்டுமா?"