மாவு மில்லுக்கு வந்த பழைய வரி

வரி கட்டியவருக்கு ரசீதுதான் சாட்சி. அந்த ரசீதே வெள்ளத்தில் போய்விட்டால் யார் வந்து சாட்சி சொல்வது? கருவேலங்குறிச்சி இசக்கியம்மாளுக்கு அறுபத்திரண்டாம் வயதில் இப்படி ஒரு சிக்கல் வந்தது.

பழைய தொழில்வரிப் பாக்கிகளை வசூலிக்க அவ்வூர் நகராட்சி ஒரு தனியார் நிறுவனத்தை அமர்த்தியிருந்தது. அந்த நிறுவனம் அவளுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பியது. அவள் கணவர் சுடலையாண்டி நடத்திய மாவு மில் 2001, 2002, 2003 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு வரி செலுத்தவில்லை. வட்டியும் கட்டணமும் சேர்த்து நாற்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாய் கட்ட வேண்டும். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் பாக்கியை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும். பிறகு, 'வரி ஏய்த்தவர்' என்று சுடலையாண்டியின் பெயரை எழுதி மில் கதவில் ஒட்டி, சீல் வைப்பார்கள்.

பணத்தைவிட அந்த இரண்டு வார்த்தைகள்தான் அவளைச் சுட்டன. ஏப்ரல் பிறந்ததும் முதல் வேலையாக வரி கட்டும் வரிசையில் போய் நின்ற மனிதர் அவர். இறந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. ரசீதுகளைத் தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். போன ஆண்டு வெள்ளம் மில்லுக்குள் இடுப்பளவு ஏறியபோது பெட்டிக்குள் இருந்தவை எல்லாம் கூழாகிவிட்டன. தண்ணீர் நின்ற கோடு சுவரில் இன்னும் இருக்கிறது. கோட்டுக்கு மேலே இருந்தவை மட்டும் தப்பின: மின்சார மீட்டர், சாமி படங்கள், அவற்றின் நடுவே தொழில் உரிமம் மாட்டிய கண்ணாடிச் சட்டம்.

ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று புதிய உரிமத்தின் மூலையில் சந்தனப் பொட்டு வைத்து, அந்தச் சட்டத்துக்குள் போட்டு மாட்டுவது சுடலையாண்டியின் வழக்கம். பொட்டு வைத்த பொருளைக் குப்பைக்கு அனுப்பக் கூடாது என்பது அவர் பிடிவாதம். தேய்ந்துபோன அரவைக் கற்கள் இரண்டு இன்றும் வாசலில் கிடக்கின்றன. அறுந்த பெல்ட் ஒன்று குங்குமத்தோடு ஆணியில் தொங்குகிறது. அவர் போன பிறகு இசக்கியம்மாளும் அப்படியே செய்துவந்தாள். கண்ணாடிச் சட்டத்தின் முதுகு தலையணைபோல் உப்பியிருந்தது.

நோட்டீஸைக் கேள்விப்பட்டு முதலில் வந்தவன் தம்பி வெயிலுமுத்து. ஐயாயிரம் கட்டி, பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் இப்போதைக்கு விட்டுவிடுவதாக நிறுவனம் ஒரு சலுகை சொல்லியிருந்தது. "விட்டெறிஞ்சிட்டு நிம்மதியா இரு அக்கா. இவனுகளோட மல்லுக்கு நின்னா மாவு அரைக்க நேரம் இருக்காது" என்றான். சலுகைத் தாளின் அடியில், மீதியைப் பின்னர் கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று பொடி எழுத்தில் இருந்ததை அவன் படிக்கவில்லை. அவள் படித்தாள்.

கோயம்புத்தூரிலிருந்து மகன் செண்பகராமன் போனில் வேறு வழி சொன்னான். "எம்மா, கிழிச்சு அடுப்புல போடு. இருபது வருசத்துக் கதைய எவன் கேக்கப் போறான்?"

அவள் கட்டவுமில்லை, கிழிக்கவுமில்லை. நிறுவனத்தின் ஆளை நேரில் வரச் சொன்னாள்.

வந்தவர் பெயர் கோகுல்நாத். அவருடைய கறுப்பு ஷூ மாவு படிந்து இரண்டு நிமிடத்தில் வெள்ளையானது. மிளகாய் அரைக்க வந்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, இயந்திரச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, ரசீது இருந்தால் காட்டும்படியும் இல்லாவிட்டால் அது பாக்கிதான் என்றும் சொன்னார். அவுக கட்டாமல் இருந்திருக்க மாட்டாக என்றாள் அவள். எல்லாரும் சொல்வதுதான் என்று சிரித்தார்.

போகிற போக்கில் இன்னும் ஒன்று சொன்னார். "முந்தின வருச வரி பாக்கி இருந்தா அடுத்த வருச லைசென்ஸ் கிடைக்காதும்மா. அதையும் மனசுல வச்சுக்கோங்க."

"இது புதுசா வந்த விதியா, தம்பி?"

"முப்பது வருசமா இதேதான். ஒரு ஆளுக்குக்கூட விலக்குக் குடுத்தது கிடையாது."

இசக்கியம்மாள் இயந்திரத்தை நிறுத்தினாள். "சத்தத்துல சரியா வெளங்கல. இப்பச் சொன்னத இந்த நோட்டீசு பின்னால எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

கிழவி பயந்துவிட்டாள் என்று நினைத்து அவர் உற்சாகமாகவே எழுதினார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு, பொண்ணு குடுக்கலாம்" என்றாள் வரிசையில் இருந்த ஒருத்தி.

மறுநாள் அவள் நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் நான்கு வரி எழுதினாள். பாக்கி எதுவும் இல்லை. ஒரு பைசா கட்ட மாட்டேன். வெள்ளிக்கிழமை சாட்சியோடு நகராட்சி அலுவலகத்துக்கு வருகிறேன். உங்கள் ஆளையும் அங்கே அனுப்புங்கள்.

வெயிலுமுத்து தலையில் கை வைத்துக்கொண்டான். "ஒரு துண்டுச் சீட்டு கெடையாது. என்ன சாட்சி அக்கா வச்சிருக்க?"

"பக்கத்துப் பட்டறையில ஒரு குறடு வாங்கிட்டு வா" என்றாள்.

கட்டிவிடு என்றான் தம்பி. கிழித்துப்போடு என்றான் மகன். கையில் ஒரு ரசீதும் இல்லாமல் சவால் விட்டாள் இசக்கியம்மாள். மூவரில் யார் வழி சரி? அவள் எதை நம்பி அப்படி எழுதினாள்?

விடை: இசக்கியம்மாள் வழியே சரி. தம்பி சொன்னபடி கையெழுத்திட்டிருந்தால் இல்லாத பாக்கியை அவளே வரவழைத்திருப்பாள். மகன் சொன்னபடி சும்மா இருந்திருந்தால், அந்த மௌனமே ஒப்புதல் ஆகியிருக்கும். வெள்ளிக்கிழமை வருவாய் அலுவலரின் மேசைமேல் கண்ணாடிச் சட்டத்தைக் கவிழ்த்து, குறடால் ஆணிகளைப் பிடுங்கினாள். பொட்டு வைத்த எதையும் எறியாத மனிதர், உரிமங்களை மட்டும் எறிந்திருப்பாரா? புதியதன் பின்னால் பழையது, அதன் பின்னால் அதைவிடப் பழையது என்று இருபத்தாறு ஆண்டு உரிமங்கள் வெளியே வந்தன. அவற்றில் 2002, 2003, 2004 ஆகிய மூன்றையும் தனியே எடுத்து வைத்து, பக்கத்தில் கோகுல்நாத்தின் கையெழுத்தை வைத்தாள். முந்தின ஆண்டு வரி கட்டாதவருக்கு உரிமம் இல்லை என்றால், இந்த மூன்றும் எப்படிக் கிடைத்தன? அலுவலரிடம் நோட்டீஸ் ரத்து என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். அந்தக் கடிதமும் இப்போது சட்டத்துக்குள் இருக்கிறது. அதற்கு மட்டும் அவள் பொட்டு வைக்கவில்லை.