மூன்று பேர் வெட்டிய மூன்று மரங்கள்

கேளுங்கள் கண்ணுகளா, பாதியில் தூங்கிவிடக் கூடாது.

ராஜாக்களே ஏரி உடையுமோ என்று பயந்த காலத்தில், ஒரு வறண்ட சீமையில் அரியநாச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரு துண்டு நிலம், தத்தி நடக்கிற ஒரு மகள், வரப்போரம் நாற்பது வாதமடக்கி மரங்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கிற மரம் அது. தழையை வயலில் போட்டு மிதித்தால் எரு. கிளையை அடுப்பில் வைத்தால் விறகு. ஆனால் அவற்றை நட்ட அவள் கணவன் முதல் வெட்டுக்கு முன்பே காய்ச்சலில் இறந்துபோய்விட்டான். அரிவாள் பட்டால் மரம் செத்துவிடுமோ என்று அவள் ஒரு கொப்பைக்கூடத் தொட்டதில்லை.

அவளுக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. சிரித்தால், ஏன் சிரிக்கிறார்கள் என்று நினைப்பாள். சிரிக்காவிட்டால், ஏன் சிரிக்கவில்லை என்று நினைப்பாள்.

ஆவணியில் ஒருநாள் தமுக்கு அடித்தார்கள். ஐப்பசி பிறந்ததும் வீட்டுக்கு ஒருவர் ஏரிக்கரை உயர்த்த வர வேண்டும். மூன்று நாள் வேலை. பிள்ளைகளைக் கூட்டி வரக் கூடாது. வராத வீட்டின் நிலம் அரண்மனைக்கு.

மகளை யாரிடம் விடுவது?

"என்கிட்ட விடுங்க அண்ணி. என் அண்ணன் ரத்தமில்லையா?" என்றான் கொழுந்தன் நல்லமுத்து.

"என் கண்ணுக்குள்ள வச்சுக்கறேன் தாயி" என்றாள் பக்கத்துத் தோட்டத்துச் செண்பகவல்லி.

"விட்டா விடு, விடாட்டிப் போ. என் ஆட்டுக்குட்டிகளோட அதுவும் கிடக்கும்" என்றாள் ஆடு மேய்க்கிற சிலம்பாயி. அவள் சிரிக்கவே இல்லை.

அரியநாச்சி யோசித்தாள். பிள்ளையைக் கொடுத்துப் பார்க்க முடியாது. மரத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். "அடுப்புக்கு விறகில்லை. ஆளுக்கு ஒரு மரம் வெட்டித் தாருங்கள்" என்றாள்.

நல்லமுத்து முதல் மரத்தை அடியோடு சாய்த்து வேரையும் தோண்டினான். "வேர்க்கட்டைதான் நின்னு எரியும் அண்ணி!" வாசல் நிறைய விறகு.

செண்பகவல்லி அரிவாளே எடுக்கவில்லை. "பாவம், வலிக்குமே" என்று இரண்டாம் மரத்தின் கொப்புகளைக் கையால் ஒடித்தாள். பட்டை நார்நாராகக் கிழிந்து தொங்கியது.

சிலம்பாயி மூன்றாம் மரத்தை இடுப்பு உயரத்தில் சாய்வாக ஒரே வெட்டாக வெட்டினாள். மேலே ஒரு இலை மிஞ்சவில்லை. வெட்டுவாயில் சாணியை அப்பிவிட்டுப் போனாள். அரியநாச்சி மொட்டைக் கட்டையைப் பார்த்தாள். ராட்சசி, இவளிடமா என் பிள்ளை?

பத்து நாள் பார்த்தாள், ஒன்றுமில்லை. இருபது நாள் பார்த்தாள், ஒன்றுமில்லை. முப்பதாம் நாள் மொட்டைக் கட்டையைச் சுற்றிப் பதினைந்து துளிர்கள்! அவள் மகிழ்ந்து முடிப்பதற்குள் சிலம்பாயி வந்து துளிர்களைக் கிள்ளி எறியத் தொடங்கினாள்.

"எடுடி கையை!"

"கத்தாதே. பதினஞ்சையும் விட்டா பதினஞ்சும் குச்சி. நாலை விட்டா நாலும் கிளை. வாளியக் கொண்டா, தண்ணி ஊத்தணும். முறைச்சா மரம் வளருமா?"

நான்கு துளிர்களை விட்டாள். ஐப்பசிக்குள் அவை அரியநாச்சியின் தோளுக்கு வந்துவிட்டன.

மற்ற இரண்டையும் போய்ப் பார்த்தாள். முதல் மரம் நின்ற இடத்தில் ஒரு குழி. இரண்டாம் மரத்தின் கிழிந்த பட்டைக்குள் கறையான். வெட்டிய நாளுக்குப் பிறகு நல்லமுத்துவும் வரவில்லை, செண்பகவல்லியும் எட்டிப் பார்க்கவில்லை.

ஐப்பசி முதல் நாள் அவள் மகளைச் சிலம்பாயியின் இடுப்பில் ஏற்றிவிட்டு நடந்தாள். சந்தேகம் அப்போதும் போகவில்லை. மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள்.

முதல் தடவை பிள்ளை அழுதுகொண்டிருந்தது. இரண்டாம் தடவையும் அழுதது. மூன்றாம் தடவை பார்த்தபோது, சிலம்பாயி ஆடுகளைக்கூட மறந்து, பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டு ஒரு கூழாங்கல்லை எடுத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அரியநாச்சி திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகையால் கண்ணுகளா, ஒருவரை நம்பலாமா என்று சந்தேகம் வந்தால் அவர் பேச்சையும் முகத்தையும் பார்க்காமல், அவர் கை பட்டது பிறகு தழைக்கிறதா என்று பொறுத்திருந்து பார்க்க வேண்டும்.