தலை ரெண்டும் போன கொடி

ஒரு மலையடிவாரத்து ஊர்ல பொம்மக்கான்னு ஒருத்தி இருந்தா கண்ணு. ராஜாவுக்குக் கொடி தைக்கிறவ. அந்தக் கொடியில கண்டபேரண்டம்னு ஒரு பட்சி. உடம்பு ஒண்ணு, தலை ரெண்டு. ஒவ்வொரு கால் நகத்துலயும் ஒரு யானையை இடுக்கிக்கிட்டு விர்ர்ருனு பறக்கும். அம்மாம் பலம்! ஏன் ரெண்டு தலைன்னா, அந்த ராஜ்யத்துல மலைச்சனம் பாதி, கீழ சமவெளியில இருக்கிற நாட்டுச்சனம் பாதி. ஆளுக்கொரு தலை. எங்க, ம் சொல்லு.

அப்போ ஒரு நாள் எதிரிப் படை வந்துச்சு. தடதடதடன்னு குதிரைங்க. மலைக்கு நடுவுல ஒரு கணவாய், ரெண்டு மாடு சேர்ந்து போக முடியாத வழி. அங்க நின்னு மறிச்சது யாரு? மலைச்சனம். நாப்பது பேர் செத்தாங்க. பொம்மக்கா புருஷன் மாதனும் அதுல ஒருத்தன். எதிரி திரும்பி ஓடிட்டான்.

அப்புறம் ஜெயிச்சதுக்குத் திருவிழா. புதுக்கொடி வேணுமாம். மந்திரி வந்து என்ன சொன்னான் தெரியுமா?

"பொம்மக்கா, இந்த வாட்டி ஒத்தைத் தலை போதும். மலைத் தலையை எடுத்துடு. காட்டுல கெடக்கிறவங்களுக்கு ராஜா கொடியில என்ன வேலை?"

பாத்தியா அநியாயத்தை! சாகுறதுக்கு மட்டும் அவங்க வேணும், கொடியில வேணாமாம்! பொம்மக்காவுக்கு சுர்ருனு உச்சி வரைக்கும் ஏறிச்சு. "முடியாதுங்க"ன்னுட்டா.

மறுநாள் தட்டுல பட்டுச்சேலை கொண்டாந்தான். "கட்டிக்கோ. தலையை எடு."

"புருஷனைக் குடுத்தவளுக்குச் சேலை குடுக்க வந்தீங்களா? எடுத்துட்டுப் போங்க."

அடுத்த நாள் நாலு சேவகனை விட்டு அவ வீட்டுக் கூரையைப் பிரிச்சுப் போட்டான். சடசடன்னு ஓலை விழுது. அவ வெயில்ல உக்காந்துக்கிட்டு, "முடியாது"ன்னா.

அதுக்கும் அடுத்த நாள் செஞ்சான் பாரு, பாவி! மலைக்கு உப்பு போற வழியையே அடைச்சுட்டான். உப்பில்லாத கஞ்சியைக் குடிக்க முடியாம புள்ளைங்க த்தூ த்தூன்னு துப்புதுங்க. "நீ தலையை எடுக்கிற வரைக்கும் ஒரு கல் உப்பு மேல ஏறாது"ன்னான்.

பொம்மக்கா அந்தப் புள்ளைங்க மூஞ்சியைப் பாத்தா. அப்புறம், "சரி, எடுக்கிறேன்"ன்னா.

கோபப்படாத கண்ணு. கேளு.

திருவிழா அன்னைக்கு டும் டும் டும்னு முரசு. ரெண்டு சனமும் கூடி நிக்குது. கயித்தை இழுத்தாங்க. கொடி படபடன்னு விரிஞ்சுது. பாத்தா, பட்சிக்குத் தலையே இல்ல! ரெண்டு கழுத்தும் மொட்டையா நிக்குது. யானைங்க நழுவிக் கீழ விழுதுங்க.

முரசு நின்னுடுச்சு. ராஜா எழுந்துட்டாரு. "யார் பண்ணுனது இது?"

பொம்மக்கா முன்னாடி வந்தா. "நான்தாங்க. மந்திரி ஒரு தலையை எடுக்கச் சொன்னாரு. மாட்டேன்னதுக்கு என் கூரையைப் பிரிச்சாரு, மலைக்குப் போற உப்பையும் அடைச்சாரு. எடுத்தேன். உடம்பு ஒண்ணுதானுங்களே? ஒண்ணை அறுத்தா மத்தது எப்படிங்க பொழைக்கும்?"

ராஜா மந்திரியைப் பாத்தாரு. "நீ சொன்னியா?"

"அது வந்து... அது வந்துங்க..."

அப்போ நாட்டுச்சனத்துலருந்து ஒரு மோர்க்காரி கத்துனா. "கணவாய்ல அவங்க நிக்கலன்னா எங்க தலையும் இருந்திருக்காதுங்க!"

ராஜாவுக்கு முகம் சுண்டிப்போச்சு. "எனக்குத் தெரியாம நடந்துடுச்சும்மா"ன்னாரு.

"தெரிஞ்சுக்கிறதுதானுங்க உங்க வேலை"ன்னா பொம்மக்கா. ஆமா, மூஞ்சிக்கு நேரா சொன்னா!

அன்னைக்கே உப்பு வண்டிங்க கடகடன்னு மலை ஏறிச்சு. கூரையும் வேஞ்சு குடுத்தாங்க. அப்புறம் ராஜா, "ரெண்டு தலையையும் தச்சுக் குடும்மா"ன்னு கேட்டாரு.

"நான் தைக்க மாட்டேன். எடுக்கச் சொன்னவரே தைக்கட்டும்."

கடைவீதி நடுவுல சம்மணம் போட்டு உக்காந்தான் மந்திரி. ஊசி குத்துது, "ஆ!" இன்னொரு குத்து, "ஆ!" அவன் தச்ச பட்சிக்கு மூக்கு கோணிப்போச்சு, கண்ணு நெத்திக்குப் போயிடுச்சு. பொம்மக்கா பக்கத்துலயே நின்னு, "பிரிங்க. திரும்பத் தைங்க"ன்னா. ஒம்போது நாள்!

பத்தாம் நாள் ரெண்டு தலையோட கொடி ஏறிச்சு. மலைச்சனம் போட்ட சத்தத்துல மரத்துக் காக்கா அத்தனையும் பறந்துடுச்சு. மாதன் செத்ததுலருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவ, அன்னைக்குத்தான் கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதா.

அம்புட்டுத்தான் கண்ணு. கதை கரை சேந்தாச்சு, நீ கண்ணை மூடு.