வேண்டாம் என்ற ராஜாவும் வேண்டவே வேண்டாம் என்ற பிரதானியும்

முன்னொரு காலத்தில் கொன்றைநாடு என்று ஒரு தேசம் இருந்தது. அதை ஆண்ட ராஜாவுக்கு ஆளவே பிடிக்காது.

பெயர் பரிதிவளவன். ஆற்றுக்கு அக்கரையில், மலையடிவாரத்தில், குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவன். பிள்ளையில்லாத பெரியப்பா ராஜா செத்துப்போனதும் மந்திரிகள் இவனைத் தேடி வந்தார்கள். லாயத்தின் பின்வாசல் வழியாக ஓடினான். பிடித்து யானைமேல் ஏற்றிக் கொண்டுவந்து முடி சூட்டிவிட்டார்கள்.

அன்று முதல் ஒரே பேச்சுதான். "எனக்கு இது வேண்டாம். யாராவது எடுத்துக்கொள்ளுங்களேன்!"

யார் எடுப்பார்கள்? 'ஆசைப்படுகிறவன் எவன் என்று ஆழம் பார்க்கிறார். வாயைத் திறந்தால் தலை போகும்' என்று சபையார் நடுங்கினார்கள். அவர்கள் மௌனத்தைப் பார்த்து ராஜாவுக்குச் சந்தேகம். 'ஒருவனுக்குக்கூடவா ஆசையில்லை? எல்லாரும் சேர்ந்து ஏதோ சதி செய்கிறார்கள்.' பாலைப் பூனைக்கு ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தான். அந்தப் பூனையையும் முழுசாக நம்பவில்லை.

இந்தச் சந்தேகத்தைத் தினமும் ஊதி ஊதி வளர்த்தவன் பிரதானி மாறநம்பி. சபையாரிடம், "வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாரே, ஏன்?" என்பான். ராஜாவிடம், "உங்களைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறார்கள், ஏன்?" என்பான். அரியணைமேல் அவனுக்குத்தான் கண். ஆனால் வெளியே, "எனக்கென்ன ஆசை, ஒரு பிடி சோறு போதும்" என்று பெருமூச்சு விடுவான்.

அந்தச் சமயத்தில் படகோட்டி குட்டுவனை மாறநம்பி பிடித்துச் சிறையில் போட்டான். எதிரியின் ஒற்றனை ஆற்றைக் கடக்க வைத்தானாம். குட்டுவன் மனைவி அரளி நாள்தோறும் சபை வாசலில் வந்து நின்றாள். ராஜா அவள் முகத்தைப் பார்க்கவே அஞ்சினான்.

"அம்மா, நான் சும்மா வந்து போகிறவன். அடுத்து வருகிற ராஜா விசாரிப்பார்."

"அதுவரை என் புருஷன் காலில் விலங்கு இருக்குமே, மகாராஜா?"

ராஜா எழுந்து பின்வாசல் வழியாக நழுவிவிடுவான்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் அமைச்சர் சேந்தன். ஒருநாள் ராஜாவிடம் போனார். "மன்னா, இந்த முடியை அதிகமாக வெறுப்பவர் யார் என்று நாளைக் காலை சபையில் கேட்டுப் பார்ப்போமா?"

"கேளும், கேளும்! நான்தான் ஜெயிப்பேன்!" என்று ராஜா துள்ளினான்.

அடுத்து மாறநம்பியின் காதோரம் போய், "நாளை யார் அதிகமாக மறுக்கிறாரோ அவருக்குத்தான் முடி என்று ஒரு பேச்சு அடிபடுகிறது" என்றார்.

மாறநம்பி கண்ணைச் சுருக்கினான். "இதை என்னிடம் ஏன் சொல்கிறீர்?"

"நீர் ராஜாவானால் என் பதவிக்கு ஆபத்து வரக்கூடாதே."

சுயநலம் என்றதும் அவனுக்குச் சட்டென்று நம்பிக்கை வந்துவிட்டது.

மறுநாள் மாறநம்பி காவி கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு வந்தான். "முடியா? எனக்கா? வேண்டவே வேண்டாம்! பதவியே வேண்டாம்! காட்டில் கிழங்கு தின்று, அருவியில் குளித்து, அப்படியே கண்ணை மூட வேண்டும்!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதான்.

சேந்தன் கைகூப்பினார். "ஆகா! வாசலில் வண்டி பூட்டி நிற்கிறது. பதவியே வேண்டாதவர்கள் இந்தக் கணமே அதில் ஏறிப் போகலாம். திரும்பி வரக்கூடாது, அவ்வளவுதான். ஏறுங்கள், பிரதானியாரே!"

மாறநம்பியின் அழுகை பாதியில் நின்றது. "இப்போதேவா? நான்... நல்ல நாள் பார்க்க வேண்டாமா?"

அவன் இழுத்துக்கொண்டிருக்கும்போதே ராஜா முடியைக் கழற்றி அரியணைமேல் வைத்துவிட்டு வாசலை நோக்கி ஓடினான். சபை வாயைப் பிளந்தது. இந்த மனிதர் இத்தனை நாளும் நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறார்!

வண்டியின் குறுக்கே அரளி நின்றாள்.

"போங்க, மகாராஜா. போவதற்கு முன்னால் என் புருஷன் குற்றவாளியா இல்லையா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்க."

"அடுத்து வருகிறவர்..."

"அவரைத் திரும்பிப் பாருங்க."

ராஜா திரும்பினான். காவி கட்டிய மாறநம்பி ஒரு காலை அரியணைப் படியில் வைத்து, முடியை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. 'என் கையில் அழுக்குப் படக்கூடாது என்று விலகி விலகி நின்றேன். அதற்காகத் தண்டனை அனுபவிப்பது இவள் புருஷனா?'

விறுவிறுவென்று உள்ளே வந்தான். "குட்டுவனைக் கூட்டி வாருங்கள்."

விலங்கு இழுபட வந்து நின்றான் குட்டுவன். "யாரை அக்கரை சேர்த்தாய்?" என்று ராஜா கேட்டான்.

"இதைத்தான் யாரும் என்னிடம் கேட்கவே இல்லை, மகாராஜா. பிரதானியின் மைத்துனரைத்தான் சேர்த்தேன். பக்கத்து ராஜாவுக்குப் பரிசுப் பெட்டி கொண்டுபோனார். நான் பார்த்துவிட்டேன் என்றுதான் என்னைப் பிடித்தார்கள்."

கூட்டத்தில் நின்ற மைத்துனன் அங்கேயே கீழே விழுந்தான். "அவர்தான் அனுப்பினார்! பட்டாளம் கேட்டு அனுப்பினார்!"

ராஜா மாறநம்பியைப் பார்த்தான். "காடு, கிழங்கு, அருவி எல்லாம் உம் வாயால் கேட்டதுதான். வண்டி நிற்கிறது. ஏறும்." வீரர்கள் தூக்கி உட்கார வைத்தார்கள்.

பிறகு சேந்தனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "என்னை இங்கே கட்டிப்போடத்தானே இந்த நாடகம்?"

"வலை மாறநம்பிக்கு, மன்னா. நீங்கள் திரும்பி வருவீர்களா என்பதில் எனக்கே சந்தேகம் இருந்தது."

"உண்மையைச் சொன்னீர். இனி நான் தட்டிக்கழித்தால் சபை நடுவிலேயே என்னைக் கேள்வி கேட்கும் உரிமை உமக்கு உண்டு. அதுதான் பரிசு" என்று தன் முத்துமாலையையும் கழற்றி அவர் கழுத்தில் போட்டான். குட்டுவனின் விலங்கைத் தன் கையாலேயே அவிழ்த்தான்.

அரளிக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை வரவில்லை. "இனிமேல் ஓட மாட்டீங்களே?"

"எப்படியம்மா ஓடுவது? என் ஊருக்குப் போக உன் புருஷன் படகில்தானே ஏற வேண்டும்!"

கணுக்காலைத் தடவிக்கொண்டே குட்டுவன் சொன்னான்: "ஏற்ற மாட்டேன், மகாராஜா."