கதவடைக்கும் முன் ஒரு குரல்

பவானி ஆற்றங்கரையில் இருந்த அந்த மடத்துக்கு அர்த்தநாரி வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. மின்வாரியத்தில் அதிகாரியாக இருந்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் கோகிலவாணியோடு பேச்சுவார்த்தை இல்லை. மடத்தை நடத்திய பூங்கோதை அம்மை அவரைவிட இருபது வயதாவது இளையவர். குரு என்றால் குருதான், வயதைக் கேட்டுக்கொண்டா காலில் விழுகிறோம்?

அம்மை அவருக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான். பொழுது சாய்ந்ததும் வாசல் கதவை அடைக்க வேண்டும். அடைப்பதற்கு முன் தெருவைப் பார்த்து, "உள்ளே வர யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்க வேண்டும். அந்த மடத்து வழக்கம் அது. கேட்டு யாரும் ஓடிவந்ததாகச் சரித்திரம் இல்லை. அர்த்தநாரி கடமைக்குக் கேட்டுவிட்டுத் தாழ்ப்பாளைப் போடுவார்.

மற்ற நேரமெல்லாம் கைப்பேசியும் அவரும்தான். மெயில் பெட்டியைத் திறப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். மகள் ஒரு வரி எழுத மாட்டாளா என்ற ஏக்கம். பென்ஷன் சேதி வரும், பேங்க்கிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து வரும். அவள் மட்டும் வர மாட்டாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று கேட்பவர் கேளாதவர் எல்லாரிடமும் சொல்லிப் புலம்பினார்.

ஒரு நாள் அன்னதானத்துக்கு வந்த பெண் ஒருத்தி அவரை அடையாளம் கண்டுகொண்டாள். வாணியோடு கல்லூரியில் படித்தவள். நலம் விசாரித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"வாணி பொங்கலுக்குப் பொங்கல் உங்களுக்கு மெயில் போடுறா அங்கிள். ஒரு வரி பதில் போடக்கூடாதா?"

அவளிடம் மகளின் நம்பரைக் கேட்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அவள் கிளம்பிப் போய்விட்டாள்.

அப்புறம்தான் குப்பை மெயில்களை ஒதுக்கி வைக்கும் ஸ்பேம் என்ற மூலையைத் திறந்து பார்த்தார். லாட்டரி விழுந்த சேதி, ஐந்து நிமிடத்தில் கடன், முடி வளர்க்கும் எண்ணெய். பழையதையெல்லாம் மாதாமாதம் மெயில் கம்பெனியே துடைத்து எறிந்துவிடுமாம். வாணி எழுதியதில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை.

அம்மை கிணற்றடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அர்த்தநாரி அவர் முன்னால் போய் நின்று பொரிந்து தள்ளினார். பெட்டி என்னுடையது, பெயர் என்னுடையது, அதில் எது வரலாம் எது வரக்கூடாது என்று எவனோ முகம் தெரியாதவன் முடிவு செய்கிறான், இந்த அநியாயத்தைக் கேட்க நாதியில்லையா என்றார்.

அம்மை கீரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"அவ எழுதறது குப்பைன்னு அந்தப் பெட்டிக்கு யாருங்க சொன்னது?"

அர்த்தநாரிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வாணி தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட வாரம் அது. மாலையும் கழுத்துமாக ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஆத்திரத்தில் அதன்மேல் ஸ்பேம் என்ற பொத்தானை அழுத்தியது அவர் விரல்தான்.

"ஒரே ஒரு தடவைதாங்கம்மா."

"எனக்கு அப்படி ஒரு சீடர் வாய்க்கலையே. ஒரு தடவை சொன்னதை இத்தனை வருஷமா மறக்காம செஞ்சிருக்குது."

பெரிய மனிதர் அழுதால் பார்க்கச் சகிக்காது. கீரைத் தண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அவர் அழுதார், அம்மையும் தடுக்கவில்லை.

அன்றைக்கே பெட்டியில் மாற்ற வேண்டியதை மாற்றினார். அவள் பெயரில் எது வந்தாலும் இனி நேரே உள்ளே வரும். பிறகு காத்திருந்தார். பொங்கல் வந்தது, போனது. பெட்டியில் ஒன்றும் விழவில்லை. பந்தி நிறைய ஆள் உட்கார்ந்திருக்க, தன் இலை மட்டும் பரிமாறப்படாமல் கிடப்பதுபோல அவருக்கு இருந்தது.

ஒரு சாயங்காலம் வாசல் கதவை அடைக்காமல், குரலும் கொடுக்காமல், படியில் உட்கார்ந்து கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மை வந்து பக்கத்தில் நின்றார்.

"அடைச்சு வெச்சது என் தப்புதாங்கம்மா. இப்பத்தான் திறந்துட்டேனே. இன்னும் ஏன் வரமாட்டேங்கிறா?"

"திறந்தீங்க. கூப்பிட்டீங்களா?"

தெருவில் ஆள் நடமாட்டம் ஓய்ந்திருந்தது. அர்த்தநாரி கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாத பயம் அப்போதுதான் வெளியே வந்தது.

"அவளும் என் பேர்மேல அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தா? நான் எழுதினாலும் அது அவ கண்ணுலயே படாம, அந்தக் குப்பைக்குள்ளயே கிடந்து அழிஞ்சு போனா?"

அம்மை தெருவைப் பார்த்தபடியே சொன்னார்.

"கிடங்க. உங்க பொண்ணு கிடந்த இடந்தானே."