மார்கழியில் பிறந்த சித்திரை

ஆறு வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது தண்புனல் நாட்டைச் சேந்தமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் ஆசை வந்துவிட்டால் அவனுக்கு நேரம் காலம் கிடையாது.

ஒரு மார்கழி விடியலில் அவனுக்கு ஒரு கனவு வந்தது. மாம்பழம் ஒன்று தானாகக் காம்பை விட்டு அவன் உள்ளங்கையில் விழுகிறது. அதில் வெயிலின் சூடு இருக்கிறது. கடிப்பதற்குள் விழித்துக்கொண்டான். சாளரத்துக்கு வெளியே ஊரே பனிக்குள் கரைந்து கிடந்தது.

"எனக்கு மாம்பழம் வேண்டும்" என்றான் சபையில்.

சபை தரையைப் பார்த்தது. மடைப்பள்ளி அதிகாரி கோளரியார் மட்டும் நிமிர்ந்தார். போன வாரம் ஆற்றங்கரைக் காராயி கொடுத்தனுப்பிய பிஞ்சு அவரைக்காயைத் தின்றுவிட்டு, "இதுவல்லவா ருசி! நீர் என்னத்தைச் சமைக்கிறீர்?" என்று ராஜா கேட்டது அவருக்கு இன்னும் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது.

"மன்னா, தங்கள் ஆணைக்குப் பருவமே கட்டுப்படும். காராயி தோட்டத்தில் மாமரம் இருக்கிறது. நாலு நாளில் பழம் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் நிலத்தை அரண்மனை எடுத்துக்கொள்ளட்டும்."

காராயியை அழைத்து வந்தார்கள். நடுவயதுக்காரி. காலில் ஈர மண் அப்படியே இருந்தது. ஆற்றங்கரையில் இருந்த அந்த அரைக்காணி நிலம்தான் அவளுக்கு இருந்த எல்லாமும். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கோளரியாரை ஒரு முறை பார்த்தாள்.

"தந்துடலாம் சாமி" என்றாள். கோளரியாரின் புருவம் ஏறியது. "ஆனா மரத்துக்கு மாசம் எண்ணத் தெரியாது. சுத்தி நடக்கிறதைப் பார்த்துத்தான் காய்க்கும். அய்யா சொன்னபடி பருவம் உங்களுக்குக் கட்டுப்படும்னா, நாளைக்கே சித்திரைன்னு பறை அறைஞ்சிடுங்க. சித்திரையில நீங்க பந்தலுக்குக் குடிபோறது வழக்கமாச்சே? இந்தத் தடவை என் மாமரத்தடியில போடுங்க. சித்திரையில எப்படி இருப்பீங்களோ, எல்லாரும் அப்படியே இருக்கணும். நீங்க போர்த்திக்கிட்டு உட்கார்ந்தா மரம் எப்படி நம்பும்?"

ராஜா குழந்தை மாதிரி கைதட்டினான். "பறையை எடுங்கள்!"

மறுநாள் அரைக்காணித் தோட்டத்தில் சித்திரை பிறந்தது. மெல்லிய மல் வேட்டியில் ராஜா அமர்ந்தான். மார்பில் சந்தனம் பூசினார்கள், இரண்டு பக்கமும் விசிறினார்கள், வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீரும் நீர்மோரும் கொடுத்தார்கள். மாவிலைகளிலிருந்து பனி சொட்டுச் சொட்டாக அவன் தோளில் விழுந்தது. ஊதாநிற அவரைப் பூக்களுக்குமேல் வெண்மூட்டம் அசையாமல் நின்றது. பாதிக் கனவுக்குள் உட்கார்ந்திருப்பது போல அவனுக்கு இருந்தது. முதல் நாள் அதுவும் அழகாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் பற்கள் தாளம் போட்டன.

"என்ன புழுக்கம் மன்னா!" என்றார் கோளரியார். நெற்றியைத் துடைத்தார்.

"உ-உமக்கு மட்டும் நிஜமாகவே வியர்க்கிறதே!" என்று ராஜா பொறாமைப்பட்டான்.

மூன்றாம் நாள் காலை, குடிசைப் பக்கமிருந்து ஒரு வாசனை பனியை விலக்கிக்கொண்டு வந்தது. மிளகு, இஞ்சி, ஏதோ வெந்துகொண்டிருக்கும் மணம். மல் வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு ராஜா எழுந்து போனான்.

"என்னம்மா அது?"

"மொச்சைக் குழம்பு சாமி. இப்பத்தான் பறிச்சு உரிச்சேன். தணல்ல சர்க்கரைவள்ளி வெந்துக்கிட்டிருக்கு."

"சித்திரையில் மொச்சையா?"

"மொச்சைக்குப் பறைச்சத்தம் கேக்கலை போல. அதுபாட்டுக்குக் காய்ச்சுத் தள்ளுது."

"ஒரு வாய் கொடு."

"ஐயோ, வேணாம் சாமி! மரம் பார்த்துட்டு இருக்கு. நீங்க மொச்சை தின்னா இது மார்கழின்னு கண்டுபிடிச்சிடும். அப்புறம் மாம்பழம் கிடைக்காது. யோசிச்சுக்குங்க."

ராஜா மரத்தைப் பார்த்தான். சட்டியிலிருந்து எழுந்த ஆவியைப் பார்த்தான்.

"போகட்டும் மாம்பழம்! இந்தப் பனியில் அதை யார் தின்பது? இலையைப் போடு. பறைக்காரனிடம் சொல்லுங்கள், மார்கழி திரும்பி வந்துவிட்டது!"

மண் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டான். மொச்சை நாக்கில் வெண்ணெயாகக் கரைந்தது. சர்க்கரைவள்ளியின் சூடு உள்ளங்கை வழியாக உடம்பெல்லாம் பரவியது. அவன் கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

கோளரியார் ஓடி வந்தார். "மன்னா, பழம் வரவில்லையே! நிலம் அரண்மனைக்கு..." என்று இரண்டு கைகளையும் வீசினார். அங்கவஸ்திரம் நழுவியது. உள்ளே, கழுத்திலிருந்து இடுப்புவரை, தடித்த செங்கம்பளி.

"அதான் பார்த்தேன்" என்றாள் காராயி. "ஏன் இன்னும் ஒரு பூகூட வரலைன்னு. மூணு நாளா மரம் இவர் கம்பளியையேல்ல பார்த்துக்கிட்டு இருந்திருக்கு!"

ராஜாவுக்குப் புரையேறும்வரை சிரிப்பு.

"இந்த நிலம் என்றைக்கும் காராயிக்குத்தான், செப்பேட்டில் எழுதுங்கள்" என்றான். "கோளரியாரே, மரத்தைக் குழப்பியது நீர். நிஜச் சித்திரை வரும்வரை இங்கேயே இருந்து அதற்குத் தண்ணீர் ஊற்றும்."

தை போனது. மாசியில் மரம் பூத்தது. மாவடு உதிரும்போதெல்லாம் கோளரியாருக்கு மனசு பதறியது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

சித்திரையில் ஒரு மதியம், கறுத்த முகமும் மண் கால்களுமாக அவர் சபைக்கு வந்தார். குவித்த இரு கைகளிலும் ஒரு மாம்பழம்.

"நான் கேட்கவில்லையே?" என்றான் ராஜா.

"இல்லை மன்னா. தானாக விழுந்தது."

ராஜா உள்ளங்கையை நீட்டினான். பழத்தில் வெயிலின் சூடு அப்படியே இருந்தது. இந்த முறை அவன் விழித்துக்கொள்ளவில்லை.